மஞ்சள் துணி கட்டிய சக்கரம்

ஏப்ரல் 8, சனி

நூல் கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். தறி நின்றுபோன பிறகு அப்பாவுக்கு இதில் குறிக்க ஒன்றும் இல்லை, அதனால் எனக்கு வந்துவிட்டது. என் மொழி மேலே, பொன்மொழி கீழே.

என் பெயர் தமயந்தி. பள்ளியில் தமாசு. பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டது. லீவு விட்டும் இன்னும் யாரையும் நான் அழவைக்கவில்லை என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமைக்கு ஆயுசு கம்மி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊராட்சி மோட்டார் ரூம். ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து அங்கே தரைத்தொட்டியில் விழும். பம்பு அதை உறிஞ்சி மேலே டேங்குக்கு ஏற்றும். வேலம்புதூரின் எல்லா வீதிக்கும் அந்தத் தண்ணீர்தான். பார்த்துக்கொள்கிறவள் ருக்குமணி அக்கா. வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போகிறவர். போன தை மாதம் ஊராட்சித் தலைவர் மகளிர் குழுவிலிருந்து அக்காவைத் தேர்ந்தெடுத்துச் சாவியைக் கொடுத்தார். "பொம்பளைக்கு எதுக்குங்க மோட்டாரு, மிக்சி பத்தாதா" என்று அன்றைக்குக் கேட்டவர் நாச்சிமுத்து மாமா. வார்டு மெம்பர், அம்மாவின் அண்ணன். அந்த வேலைக்கு அப்பாவும் மனு போட்டிருந்தார். அதற்கும் நான் எழுதப்போவதற்கும் சம்பந்தம் இல்லை.

பம்புக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சக்கரம் வைத்த வால்வு. தண்ணீர் போகும் பக்கத்தை அக்கா தினமும் திருகுவாள். தண்ணீர் வரும் பக்கத்தை யாரும் தொடுவதில்லை. "அது எப்பவும் தெறந்தேதான் இருக்கும், அதும் பக்கமே போவாத" என்று பழைய ஆபரேட்டர் சாவியோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனாராம்.

ஊரில் எனக்கு இன்னொரு பெயர் வால். வாலுக்கும் வால்வுக்கும் ஒரு எழுத்துதான் தூரம். அக்கா வெளியே பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தபோது வரும் பக்கத்துச் சக்கரத்தை மூடுகிற திசையில் சும்மா சில சுற்று சுற்றினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓடிக்கொண்டிருந்த பம்பு தொண்டையைச் செருமியது. அப்புறம் தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். அக்கா கையில் பவுடரோடு ஓடிவந்தாள். சுவிட்சை அணைத்தாள், போட்டாள், குனிந்து காதை வைத்தாள். முகத்தில் வெள்ளை மாவு அப்பிய கோமாளி மாதிரி இருந்தாள். அவள் மீண்டும் வெளியே போனதும் சக்கரத்தைத் திருப்பிவிட்டேன். சத்தம் நின்றது.

"நீ கேட்டியா கண்ணு?" என்றாள்.

"எதைங்க்கா?" என்றேன்.

ராத்திரி சோறு தின்னும்போது நினைத்து நினைத்துச் சிரித்ததில் புரையேறியது.

ஏப்ரல் 10, திங்கள்

இன்றும். பம்பு இருக்கிற இடத்தில் வம்பு இல்லாவிட்டால் எப்படி.

ஏப்ரல் 12, புதன்

மளிகைக் கடை முன்னால் பையன்களிடம் பந்தயம். காலி பீர் பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, வாயில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை. பாட்டிலின் அடிப்பாகம் அப்படியே கழன்று விழும். ஏன் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. வாயில் அடித்தால் அடி போகும், அவ்வளவுதான் தத்துவம். இரண்டு பரோட்டா ஜெயித்தேன்.

பரோட்டா தின்றுகொண்டே பேச்சு மோட்டார் சத்தத்துக்கு வந்தது. கீழ்வீதி வரைக்கும் கேட்டதாம். அந்த ரூம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு வேலமரமும் அடியில் முனியப்பன் கல்லும் இருந்தது எல்லாருக்கும் தெரியும். கல்லைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் கட்டினார்கள். நான் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன்:

"அது மோட்டார் இல்லடா, முனியப்பன் பல்லைக் கடிக்கறாரு."

அவர் பெயரை முனகியப்பன் என்று மாற்றிவிடலாமா என்றும் கேட்டேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏப்ரல் 13, வியாழன்

சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் ஊரைச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்தது. அம்மாதான் எனக்குச் சொன்னாள், குரலைத் தாழ்த்தி, கண்ணை விரித்து. நாளைக்கு வருஷப்பிறப்பு, மாமா ஏற்பாட்டில் மோட்டார் ரூமில் பூஜையாம். நான் ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். நடிப்புக்கு விருது கொடுக்கும் ஊராக இருந்தால் இந்நேரம் எனக்குச் சிலையே வைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 14, வெள்ளி

இதைவிடப் பெரிய நாள் என் வாழ்க்கையில் வராது.

பூசாரி வருவதற்கு முன்பே உள்ளே போய்ச் சக்கரத்தை ஆறு சுற்று சுற்றி வைத்துவிட்டேன். அந்தச் சக்கரத்தின் அழகு என்னவென்றால், எவ்வளவு சுற்றினாலும் தண்டு ஏறாது, இறங்காது. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கற்பூரம் ஏற்றி, "மோட்டாரப் போடும்மா" என்று பூசாரி சொன்னார். அக்கா சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் ஏற ஆரம்பித்ததுதான் தாமதம், முனியப்பன் பல்லைக் கடித்தார் பாருங்கள், கற்பூரத் தட்டே ஆடியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமாவும் போட்டுக்கொண்டார்.

சாந்தி செய்யவேண்டும் என்று பூசாரி மஞ்சள் துணியில் எலுமிச்சம்பழத்தை முடிந்தார். எங்கே கட்டுவது? சுற்றிலும் பார்த்தார். குழாயில் கட்ட முடியாது. மோட்டாரில் கட்டினால் சுற்றிக்கொள்ளும். கைக்கு வாகாக இருந்தது வரும் பக்கத்துச் சக்கரம் ஒன்றுதான். அதில் கட்டி, திருநீறும் குங்குமமும் அப்பி, "அடுத்த அமாவாசை வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது" என்றார்.

என் ஆறு சுற்றும் உள்ளே இருக்கிறது. மேலே சாமி காவல்.

அக்கா மட்டும் குங்குமம் வாங்கிக்கொள்ளாமல் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 15, சனி

தாராபுரம், பெரியம்மா வீடு. மாம்பழம்.

ஏப்ரல் 17, திங்கள்

மாம்பழம். துணியை அவிழ்க்காமலே சக்கரத்தைச் சுற்றமுடியுமா என்று இரண்டு தடவை யோசித்தேன். முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 20, வியாழன்

இன்றைக்குத்தான் திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்டது.

மேல்வீதிக்குத் தண்ணீர் வரவில்லை. எங்கள் குழாயில் நூல் மாதிரி. வழக்கமாகக் காலையில் நிரம்பிவிடுகிற டேங்க் பொழுது சாய்ந்தும் பாதிதான். அதனால் அக்கா மோட்டாரை நிறுத்துவதே இல்லை. அப்படியானால் நான் மாம்பழம் தின்ற அத்தனை நாளும் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

போய்ப் பார்த்தேன். அக்கா மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"வந்துட்டியா கண்ணு. வா, இங்க உக்காரு. உனக்குக் காது கூர்மை. இந்தச் சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காதே மரத்துப்போச்சு."

நான் குனிந்து கேட்டேன். வரும் பக்கத்திலிருந்து வந்தது.

"தெரியலீங்க்கா" என்றேன்.

"எனக்கு அந்தச் சக்கரத்து மேலதான் சந்தேகம். ஒருக்காத் திருகிப் பாக்கலாம்னா துணியக் கட்டி வெச்சிருக்காங்க. உங்க மாமங்கிட்டக் கேட்டேன். சாமி கட்டுனதுல கைய வெச்சா கைய ஒடிச்சுப்போடுவேன்னாரு."

"மெக்கானிக்கைக் கூப்பிடலாங்களே."

"முனியப்பனுக்கு மெக்கானிக்கான்னு கேக்கறாங்க கண்ணு."

எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்திருந்தது. அக்கா எழுந்து போயிருந்தால் அப்போதே திருப்பியிருப்பேன். அவள் எழவில்லை. அவள் எழாததால்தான் திருப்பவில்லை. அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 22, சனி

இன்று மத்தியானம் அக்கா சாப்பிடப் போனபோது சன்னல் வழியே இறங்கி உள்ளே போனேன். துணி நழுவாமல் பிடித்துக்கொண்டு ஆறு சுற்றையும் திருப்பினேன். ஜல்லிச் சத்தம் நின்றது.

ஆனால் பழைய ரீங்காரம் வரவில்லை. கால் நொண்டுகிறவன் ஓடுகிற மாதிரி, தொம், தொம். கையை வைத்தால் பம்பு நடுங்கியது. நான் இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்தேன். இதற்கு மேல் திறக்க இடமில்லை. எல்லாம் முன்பு இருந்தபடிதான் இருந்தது. சத்தம் மட்டும் என்னுடையது இல்லை.

ஏப்ரல் 24, திங்கள்

நேற்று மோட்டார் நின்றுவிட்டது. லாரியில் தண்ணீர். குடத்தோடு வரிசையில் நின்றேன்.

வரிசையில் ஒரு புதுப் பேச்சு. முனியப்பனுக்குக் கோபம் ஏன் வந்தது என்று காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். பொம்பளை மோட்டார் ரூமில் இருந்தால் மாதத்தில் மூன்று நாள் தூரமாகத்தானே இருப்பாள்? அந்த மூன்று நாளும் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்தாளா? இல்லையே. அதே தீட்டோடு உள்ளே போய், அதே கையால் தண்ணீரை ஏற்றி, ஊரே குடித்திருக்கிறது.

சொன்னவர்களில் அம்மாவும் ஒருத்தி. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நீயும் பொம்பளதான? தூரமா இருக்கறப்ப நீ சோறாக்கலியா?"

"சோறும் சாமியும் ஒண்ணாடி? பெரியவங்க பேச்சுல வாயை வெக்காத."

வருஷப்பிறப்பு பூஜையில் சக்கரத்துக்கு ஓரடி தள்ளி, தூரமாக நின்றது யார் என்று எனக்குத் தெரியும். அது ருக்குமணி அக்கா இல்லை. அன்றைய பக்கத்தில் அதை எழுதவில்லை. வேடிக்கை பார்க்க விடமாட்டாள் என்று அம்மாவிடமும் சொல்லவில்லை. இங்கே இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

மே ஒன்றாம் தேதி கிராம சபை. அன்று அக்காவிடமிருந்து சாவியை வாங்கிவிடுவதாக மாமா திண்ணமாகச் சொல்லிவிட்டார். வாங்கி அப்பாவிடம் கொடுப்பாராம். "மச்சான், ரெடியா இருங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று அப்பா முகச்சவரம் செய்துகொண்டார்.

ஏப்ரல் 27, வியாழன்

தலைவர் ஒருவழியாகக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, பம்பு கம்பெனி சர்வீஸ்காரரை வரவழைத்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். வந்ததும் முதலில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "இது எந்த மாடலுங்க?" என்றார். நான் மட்டும் சிரித்தேன். சிரித்ததற்காக உடனே வெட்கப்பட்டேன்.

தலைவர் சொன்னதால் பூசாரியே வந்து துணியை அவிழ்த்தார். பம்பைப் பிரித்து உள்ளே சுழலும் சக்கரத்தை வெளியே எடுத்தார்கள். அதற்கு இம்பெல்லர் என்று பெயர். தாமரைப்பூவைக் கவிழ்த்த மாதிரி வளைந்த இதழ்கள். அந்த இதழ்கள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நுழைகிற இடத்துக்கு அருகே இரும்பே இல்லை, புற்று. கறையான் தின்ற கதவு மாதிரி பொடிப்பொடிக் குழிகள், குழிக்குள் குழி. ஓர் இதழின் ஓரம் பிய்ந்தே போயிருந்தது.

"மணலு பூந்திருக்குமுங்க" என்றார் மாமா. "வடிகட்டி போடாம விட்டிருப்பா."

"மணலு தேய்ச்சா கோடு கோடா வழவழன்னு இருக்குமுங்க. இது குத்துனது" என்றார் சர்வீஸ்காரர்.

"எதுங்க குத்துச்சு?"

"தண்ணிதானுங்க."

யாருக்கும் புரியவில்லை. அவர் விளக்கினார். தண்ணீர் கொதிக்கச் சூடு வேண்டும் என்று கட்டாயம் இல்லையாம். அதன் மேல் இருக்கிற அழுத்தம் குறைந்தாலே போதுமாம், பச்சைத்தண்ணீரும் கொதிக்கும். வரும் வழியை அடைத்துவிட்டுப் பம்பை ஓட்டினால், கிடைக்காத தண்ணீருக்காக அது இழுஇழு என்று இழுக்கும். அங்கே அழுத்தம் செத்துப்போய்த் தண்ணீரில் குமிழ் குமிழாகக் கிளம்பும். அந்தக் குமிழ்கள் கொஞ்சம் நகர்ந்து அழுத்தம் உள்ள இடத்துக்கு வந்ததும் பொசுக்கென்று உள்ளுக்குள்ளேயே இடிந்துவிடும். இடியும்போது சுற்றியுள்ள தண்ணீர் ஊசி மாதிரி பாய்ந்து இரும்பில் குத்தும். ஒரு குமிழ் ஒன்றும் செய்யாது. ஆனால் விநாடிக்கு ஆயிரக்கணக்கில், நாள் முழுக்க, ஒரே இடத்தில்.

"ஜல்லி குலுக்கற மாதிரி சத்தம் வந்துச்சுங்களா?"

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"அது சத்தமில்லீங்க. அவ்வளவும் அடி."

பிறகு அவர் அக்காவைக் கேட்டார். "இன்லெட் வால்வு, தண்ணி வர்ற பக்கம், முழுசாத் தெறந்திருந்துச்சுங்களா?"

"நான் அதைத் தொட்டதே இல்லீங்க. தெறந்தேதான் இருக்கும்."

அவர் சக்கரத்தைத் திருகிப் பார்த்தார். முழுக்கத் திறந்திருந்தது. நான்தானே திறந்து வைத்திருந்தேன். துணி கட்டியிருந்தபடியே விட்டிருந்தால், ஆறு சுற்று மூடியிருந்ததை அவரே கண்டிருப்பார். எப்போது யார் மூடியது என்ற கேள்வியாவது வந்திருக்கும். என் நல்ல காரியம் அதையும் துடைத்துவிட்டது.

"இப்பத் தெறந்திருக்குது. அப்ப மூடியிருந்திருக்கோணும். யாரோ தெரியாம மூடி ஓட்டியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"யாரோ என்னங்க யாரோ. சாவி ஒருத்திகிட்டத்தான இருக்குது" என்றார் மாமா.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. இம்பெல்லரைக் கையில் வாங்கி, குழிகள் மேல் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 28, வெள்ளி

ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டுகிற சிரிஞ்சில் குளிக்கிற வெந்நீரைக் கொஞ்சம் உறிஞ்சி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கம் இழுத்தேன். அடுப்பில்லாமல் தண்ணீர் கொதித்தது. விட்டதும் குமிழெல்லாம் டிக்கென்று காணாமல் போனது. மறுபடி இழுத்தேன். மறுபடி.

பாட்டில் வித்தையும் இதுதான் என்று அப்போது புரிந்தது. அறை வாங்கிய பாட்டில் சட்டென்று கீழே போகிறது, தண்ணீர் அங்கேயே தயங்குகிறது. நடுவில் ஒரு வெற்றிடம், அது இடிகிறது, கண்ணாடி உடைகிறது. இரண்டு பரோட்டாவுக்கு நான் விற்ற ரகசியம்.

இதைக் கண்டுபிடித்தபோது ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போது முகம் எரிகிறது.

ஏப்ரல் 30, ஞாயிறு

புது இம்பெல்லர் மாட்டியாயிற்று. அப்பா தன் ஒரே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொள்கிறார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, வதந்தி, ஆறு சுற்று, சன்னல். அம்மாவுக்கு முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைப்பு. பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேற யாருகிட்டச் சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல."

"அப்பச் சொல்லாத."

"அம்மா, அக்காவப் போயித் தீட்டுன்னு சொல்லி..."

"உங்கப்பன் எத்தன மாசமாத் தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்திருக்கறாருன்னு பாத்தீல்ல? இன்னிக்குத்தான் மனுசன் கண்ணாடி பாக்கறாரு. நீ வாயை மூடிட்டிருந்தா ஒண்ணும் குடி முழுகாது. அவளுக்கு வீட்டுக்காரன் சம்பாத்தியம் இருக்குது."

வெங்காயத்தால் என்று சொல்லிக்கொள்ளும் வசதி எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது.

மே 1, திங்கள்

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஷாமியானா. வேலைத் திட்டம், தெருவிளக்கு, கணக்கு எல்லாம் வாசித்து முடித்தார்கள். பிறகு மாமா எழுந்தார். தீட்டு என்ற சொல்லை மைக்கில் சொல்லவில்லை. "ஊரு மனசு சங்கடப்படுது" என்றார். "தெரியாத வேலையத் தெரியாதவங்க கையில கொடுத்ததுல பம்பு போச்சு" என்றார். சாவியைத் தலைவரிடம் வைத்துவிடும்படி அக்காவைக் கேட்டார்.

அக்கா பெண்கள் பக்கத்தில் ஓரமாக நின்றாள். "நான் அந்த வால்வத் தொடலீங்க" என்றாள். முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது.

நான் எழுந்து நின்றேன்.

நான் எழுந்தாலே சிரிப்பார்கள். சிரித்தார்கள். "தமாசு தீர்மானம் கொண்டாருது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைவரும் புன்னகையோடு, "ஓட்டு இல்லாதவங்க உக்காருங்க கண்ணு" என்றார்.

"ஓட்டு வேண்டாங்க. முனியப்பன் பல்லக் கடிக்கறது உங்க எல்லாத்துக்கும் கேக்கோணுமா? இப்பவே வாங்க, காட்டறேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா என் பாவாடையைக் கீழே இழுத்தாள். நான் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

மோட்டார் ரூம் வாசல், சன்னல், படி எல்லாம் தலைகள். சர்வீஸ்காரர் புது இம்பெல்லர் ஓட்டத்தைப் பார்ப்பதற்காக அங்கேயே இருந்தார். "கொஞ்ச நேரம் மூடி ஓட்டுனா கெட்டுருமுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரத்துல ஒண்ணும் ஆவாது" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமான ரீங்காரம். வரும் பக்கத்துச் சக்கரத்தைப் பிடித்தேன். குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றாக மூடினேன். ஆறாவது சுற்றில் ஜல்லி கொட்டியது.

யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் எத்தனையோ வித்தை காட்டியிருக்கிறேன். இவ்வளவு பேர், இவ்வளவு அமைதியாக, என் முகத்தை மட்டும் பார்த்தது இதுவே முதல் தடவை. வேடிக்கை காட்டுகிறவர்கள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"வருசப்பொறப்பன்னிக்கும் நான்தான். அதுக்கு முன்னாடியும் நான்தான். துணி கட்டுனதும் தெறக்க முடியாம ஊருக்குப் போயிட்டேன். அப்புறம் நானே தெறந்தும் வெச்சேன். முனியப்பன்னு சொன்னதும் நான்தானுங்க." இதைச் சொல்ல நான் எந்தச் சொல்லையும் தேடவில்லை.

"போதும்" என்றாள் ருக்குமணி அக்கா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு, ஆறு சுற்றையும் அவளே திருப்பினாள். என் கையை எடுத்த விதத்தில் கோபம் இல்லை. அடுப்பிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுப்பது போல எடுத்தாள்.

"சின்னப்புள்ள வெளையாட்டுக்கு..." என்று மாமா ஆரம்பித்தார்.

"வெளையாட்டுன்னா சாவி யாருகிட்ட இருக்கோணும் மெம்பரே?" என்று தலைவர் கேட்டார். சாவி அக்காவிடமே இருக்கட்டும் என்றும், வரும் பக்கத்து வால்வுக்குச் சங்கிலிப் பூட்டு போடுவது என்றும் அங்கேயே நின்றபடி தீர்மானம் எழுதினார்கள். ஓட்டு உள்ளவர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். அம்மாவும் தூக்கினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வெள்ளைச் சட்டை கூட்டத்தில் இல்லை. முன்னாலேயே வீட்டுக்கு நடந்துவிட்டது.

மே 2, செவ்வாய்

அப்பா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். காலையில் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "எத்தன சுத்து சுத்துன?"

"ஆறுங்கப்பா."

கொஞ்ச நேரம் வாய் கொப்பளித்தார். "எங்கிட்டச் சாவி இருந்திருந்தாலும் நான் கண்டுபுடிச்சிருக்க மாட்டேன் சாமி. அவளாவது அந்தச் சக்கரத்து மேல சந்தேகப்பட்டாளே."

அவ்வளவுதான். அம்மா இன்னும் பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

மே 5, வெள்ளி

மூன்று நாளாக மன்னிப்பு எழுதி எழுதிப் பார்த்தேன். எழுதினால் ஏதாவது ஒரு வரியில் எதுகை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்று காலை எழுதாமலே போனேன்.

அக்கா படியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை எல்லாம் துடைப்பத்தை நிறுத்தாமல் கேட்டாள். முடித்த பிறகும் கூட்டினாள்.

"பம்பு போனதுக்கு உம்மேல எனக்குக் கோவமில்ல" என்றாள். "அது இரும்பு. வேற மாட்டியாச்சு."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஊரு தீட்டுன்னு பேசுச்சு பாரு, பேசட்டும், பொய்யின்னு எனக்குத் தெரியும்னுதான் நெனச்சுட்டிருந்தேன். ஒரு நா, ரெண்டு நா. அப்பொறம் படுத்தாத் தூக்கமில்ல. போன மாசம் எந்தெந்தத் தேதின்னு வெரல் உட்டு எண்ணிப் பாத்தேன் கண்ணு. அந்தத் தேதிக்கும் சத்தம் வந்த தேதிக்கும் ஒத்து வருதான்னு பாத்தேன். நானே. ஒருவேள என்னாலதானோன்னு." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "சாவியக் கேட்டப்ப நான் ஏன் ஒரு சண்டகூடப் போடாம முடிச்ச அவுத்தேன்னு நெனைக்கற?"

நான் சுவரில் சாய்ந்திருந்த துடைப்பத்தையே பார்த்தேன்.

"போ, வீட்டுக்குப் போ. வெயிலாவுது. மோட்டாரு போடற நேரம்."

நான் போகவில்லை. வேலி ஓரமாக நின்றேன். அக்கா சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே போகக் காலை எடுத்தவள், படியிலேயே நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே பார்த்தாள், தன் கால்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் உள்ளே போனாள்.

முன்பெல்லாம் அவள் அப்படி நிற்கமாட்டாள்.